உஷார்! பந்து உருளாத மாதங்களில் பணம் உருளும்

புதுச்சேரியில் கனகசெட்டிக்குளம் தொடங்கி கணபதிசெட்டிக்குளம், காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி வரை ஈ.சி.ஆர். ஓரம் குடியிருக்கும் கால்பந்து ரசிகர்களே, கையிலிருக்கும் போனை ஒரு நிமிஷம் கவிழ்த்து வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

மே மாதத்தோடு ஐரோப்பிய லீக்குகள் முடிகின்றன. மறுபடி விசில் ஊத ஆகஸ்ட் நடுப்பகுதி ஆகிவிடும். இந்த இடைவெளியில் ரசிகனுக்குக் கிடைப்பது இரண்டே சரக்கு: பாயிண்ட் இல்லாத ப்ரீசீசன் ஆட்டம், ஆதாரம் இல்லாத ட்ரான்ஸ்ஃபர் பேச்சு. டீக்கடையிலும் ஹாஸ்டல் மாடியிலும் கடற்கரை மணலிலும் நடப்பது இதுதான். "மச்சி, மெடிக்கல் முடிஞ்சிருச்சாம்டா." "ஏர்போர்ட்ல பாத்தாங்களாம்." "நேத்து ப்ரீசீசன்ல நாலு கோல் போட்டாங்க, இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்."

பேசுவதில் தப்பே இல்லை. சொல்லப்போனால் பாதி சந்தோஷம் இந்தப் பேச்சில்தான் இருக்கிறது. ஆனால் ஆட்டம் பார்க்க ஏங்கிக் கிடக்கும் ஆளைத் தேடிக்கொண்டு வேறொரு கூட்டமும் இதே மாதங்களில்தான் வருகிறது. வதந்தியைத் தூண்டிலில் மாட்டி லிங்க் அனுப்புகிறவன், 'ஃபிக்ஸட் மேட்ச்' விற்கிறவன், வராத நட்சத்திரத்துக்கு டிக்கெட் விற்கிறவன், உங்கள் பையனை வெளிநாட்டுக் கிளப்பில் சேர்ப்பதாகச் சொல்கிறவன், கடைசியில் உங்கள் பேங்க் அக்கவுண்டையே வாடகைக்குக் கேட்கிறவன் என்று இதில் ஐந்து வகை உண்டு.

இந்த ஐந்து பேரையும் அடையாளம் காண ஒரே கேள்வி போதும்: பணம் எந்தப் பக்கம் போகிறது? நிஜமான ட்ரான்ஸ்ஃபரில் வாங்கும் கிளப் விற்கும் கிளப்புக்குக் கொடுக்கிறது. ஆட்டக்காரனுக்குச் சம்பளத்தைக் கிளப் கொடுக்கிறது. சிறு வயதில் அவனைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்கும் ஃபிஃபா விதிப்படி ஒரு பங்கு போகிறது. இந்தக் கணக்கில் ரசிகன் காசு கொடுக்க வேண்டிய இடமே இல்லை. கேட்டால் அது மோசடி.

முதல் எச்சரிக்கை: ஊர் பேர் தெரியாத செய்தி

"நான் ஏமாறுவேனா?" என்று நினைக்கிறீர்களா? இந்தியக் கால்பந்துச் சம்மேளனமே ஏமாந்திருக்கிறது. 2025 ஜூலையில் தேசிய அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் தேடியபோது, பார்சிலோனாவின் பழைய ஜாம்பவான் சாவியிடமிருந்து விண்ணப்பம் வந்திருக்கிறது என்று செய்தி பரவியது. 'அவருக்குச் சம்பளம் கொடுக்க நம்மால் முடியாது' என்று விவாதமே நடந்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதித் தீர்த்தன. பிறகுதான் சம்மேளனம், சாவி பெயரிலும் பெப் கார்டியோலா பெயரிலும் வந்த மின்னஞ்சல் உண்மையானதல்ல என்று அறிக்கை விட்டது. சாவி பெயரில் அனுப்பியது தான்தான் என்று வேலூரில் படிக்கும் 19 வயது மாணவர் ஒருவர் சொன்னதாகச் செய்திகள் வந்தன. நம்மிடமிருந்து பஸ்ஸில் சில மணி நேரத் தொலைவில் உட்கார்ந்து ஒரு பையன் விளையாட்டாக அனுப்பிய மெயில் ஸ்பெயின் வரை போய்விட்டது. ஆகஸ்ட் 1ஆம் தேதி வேலை கிடைத்தது காலித் ஜமீலுக்கு.

இது புது நோயும் இல்லை. 2009 ஜனவரியில் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ், எதிர்காலத்தில் ஜொலிக்கப்போகும் 50 இளம் வீரர்களைப் பட்டியலிட்டது. 30ஆவது இடத்தில் மாசல் புக்டுவ் என்ற 16 வயது மால்டோவா நாட்டுப் பையன். பெரிய கிளப்புகள் அவனைத் துரத்துகின்றன என்றும் எழுதியிருந்தார்கள். அப்படி ஒரு பையன் பிறக்கவே இல்லை. எங்கோ ஒரு மூலையில் போட்ட கட்டுக்கதையை ஒருவர் எடுத்தார், அவரைப் பார்த்து இன்னொருவர் எழுதினார், கடைசியில் பெரிய பத்திரிகையின் பட்டியல் வரை ஏறிவிட்டது. பத்துப் பேர் சொல்கிறார்கள் என்பதற்காக அது பத்து ஆதாரம் ஆகிவிடாது. பத்துப் பேரும் ஒரே ஆளைப் பார்த்துக் காப்பியடித்திருக்கலாம்.

வதந்தி சும்மா பிறப்பதில்லை, அதனால் லாபம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சம்பளத்தை ஏற்ற நினைக்கும் ஏஜென்ட், 'இன்னொரு கிளப் கேட்கிறது' என்று கசியவிடுவார். விலையை ஏற்ற நினைக்கும் கிளப்பும் அதையே செய்யும். பார்வைக் கணக்கில் காசு பார்க்கும் பக்கங்கள் அதை ஊதிப் பெருக்கும். எல்லோரும் 'முடிந்தது' என்று சொன்ன டீலும் முடியாமல் போகும். நம் ஊரில் பிரான்ஸ் அணிக்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறதே, அவர்களைக் கேளுங்கள். 2022 மே மாதம் எம்பாப்பே ரியல் மாட்ரிட் போய்விட்டார் என்றே உலகம் நம்பியது. மே 21 அன்று அவர் பாரிஸ் கிளப்போடு ஒப்பந்தத்தை நீட்டித்தார். மாட்ரிட் போய்ச் சேர்ந்தது 2024இல். 2025 செப்டம்பர் 1, இங்கிலாந்தில் ட்ரான்ஸ்ஃபர் ஜன்னல் மூடும் நாள்: கிரிஸ்டல் பேலஸ் கேப்டன் மார்க் கேஹி லிவர்பூல் போவது உறுதி என்றிருந்தது. கடைசி நேரத்தில் பேலஸ் பின்வாங்கியது.

நம்ம ஐ.எஸ்.எல். கதை இன்னும் கசப்பு. 2025 ஜூலை 11 அன்று, உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் லீக் நிறுத்திவைக்கப்படுவதாக அதை நடத்தும் நிறுவனம் கிளப்புகளுக்குத் தெரிவித்தது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்.சி. செயல்பாடுகளையே நிறுத்திவைத்தது. அப்போதும் 'சென்னையின் அடுத்த வெளிநாட்டு ஆட்டக்காரர் யார்' என்ற பேச்சு ஓயவில்லை. லீக்கே இருக்குமா என்று தெரியாத நேரத்தில் ஆள் எடுக்கும் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது! அந்த சீசன் ஒருவழியாகத் தொடங்கியபோது 2026 பிப்ரவரி 14 ஆகிவிட்டது.

இதுவரை போனது நேரம்தான். ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. 'மெடிக்கல் வீடியோ லீக்', 'ஏர்போர்ட் கிளிப்', 'ப்ரீசீசன் மேட்ச் ஃப்ரீ லைவ்' என்று ஒரு லிங்க் வரும். தட்டினால் ஓர் ஏ.பி.கே. ஃபைல் இறங்கும். "இன்ஸ்டால் செய், எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கொடு" என்று கேட்கும். கொடுத்தீர்களோ, பேங்கிலிருந்து வரும் ஓ.டி.பி. உங்களுக்கு முன்னால் அவன் கைக்குப் போய்விடும். கால்பந்து பார்க்க எந்த ஆப்பும் உங்கள் எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்க வேண்டிய அவசியமில்லை. ப்ளே ஸ்டோருக்கு வெளியே வரும் எந்த ஏ.பி.கே.யையும் தொடாதீர்கள்.

பிரபல ட்ரான்ஸ்ஃபர் நிருபர் ஃபாப்ரிசியோ ரோமானோவின் 'ஹியர் வீ கோ' வந்துவிட்டால் போதும் என்பவர்களுக்கு: அது வந்தது அவர் கணக்கிலிருந்துதானா என்று பார்த்தீர்களா? அதே படம், அதே பெயர், ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். எக்ஸ் தளத்தில் நீல டிக் இப்போது காசு கொடுத்து வாங்குவது. கிளப்பின் சொந்தத் தளத்தில் சட்டையோடு படம் வரும்வரை எல்லாமே பேச்சுதான்.

இரண்டாம் எச்சரிக்கை: ப்ரீசீசனை வைத்துப் பந்தயம்

2014 கோடையில் மான்செஸ்டர் யுனைடெட் அமெரிக்கா போனது. லூயி வான் ஹால் புதுப் பயிற்சியாளர். ஆகஸ்ட் 2 அன்று மிச்சிகனில் 1,09,318 பேர் முன்னால் ரியல் மாட்ரிட்டை 3-1 என்று வீழ்த்தினார்கள். சுற்றுப்பயணக் கோப்பையும் வந்தது. 'யுனைடெட் திரும்பிவிட்டது' என்று ஒரே ஆட்டம். ஆகஸ்ட் 16 அன்று லீக் தொடங்கியது. சொந்த மைதானத்தில் ஸ்வான்சீயிடம் 1-2 என்று தோற்றார்கள்.

ப்ரீசீசன் என்பது உடம்பைத் தயார்படுத்தும் வேலை. பாதி ஆட்டத்தில் பதினோரு பேரையும் மாற்றுவார்கள். விடுமுறையிலிருந்து வராதவர்கள் இருப்பார்கள். 17 வயதுப் பையன்கள் இறங்குவார்கள். காயம் படக்கூடாது என்று காலைப் பின்னிழுப்பார்கள். அதன் முடிவை வைத்து எதையும் கணிக்க முடியாது. அதனால்தான் சூதாட்டக்காரர்களுக்கும் மேட்ச் ஃபிக்ஸர்களுக்கும் அது பிடிக்கிறது. பாயிண்ட் இல்லை, பார்ப்பவர் குறைவு, விசாரணையும் குறைவு.

இதில் தமிழ்ப் பெயர் ஒன்று உலகப் பிரசித்தம். வில்சன் ராஜ் பெருமாள், சிங்கப்பூர்த் தமிழர். 2011 பிப்ரவரியில் பின்லாந்தில் போலி பாஸ்போர்ட்டோடு பிடிபட்டார். அந்த நாட்டு நீதிமன்றம் மேட்ச் ஃபிக்ஸிங்குக்காக இரண்டு வருடம் சிறை விதித்தது. அவர் தொட்டது லீக் ஆட்டங்களை மட்டுமல்ல. அவர் இருந்த சிங்கப்பூர்க் கும்பலின் பெரிய சந்தையே நட்பு ஆட்டங்கள்தான். 2010 உலகக்கோப்பைக்கு முன் தென்னாப்பிரிக்கா ஆடிய நட்பு ஆட்டங்களுக்கு நடுவர்களை ஏற்பாடு செய்யும் அளவுக்கு அவர்கள் கை நீண்டிருந்தது. அந்த ஆட்டங்களில் ஒன்றில் விசில் ஊதிய நைஜர் நாட்டு நடுவர் இப்ராஹிம் சைபூவுக்கு 2019இல் ஃபிஃபா ஆயுள் தடை விதித்தது.

2010 செப்டம்பர் 7 அன்று பஹ்ரைன் 3-0 என்று டோகோவை வென்றது. 'இவர்களால் 90 நிமிடம் ஓடக்கூட முடியவில்லையே' என்று பஹ்ரைன் பயிற்சியாளருக்கே சந்தேகம். விசாரித்தால், டோகோ சம்மேளனம் அப்படி ஓர் அணியை அனுப்பவே இல்லை. முழு அணியும் போலி! 2011 பிப்ரவரி 9 அன்று துருக்கியின் அன்டால்யாவில் ஒரே நாளில் இரண்டு நட்பு ஆட்டங்கள்: லாட்வியா-பொலிவியா, எஸ்டோனியா-பல்கேரியா. மொத்தம் ஏழு கோல், ஏழுமே பெனால்டி. இன்னும் ஒரு படி மேலே: 2014 ஆகஸ்டில் போர்ச்சுகலின் ஃப்ரெமுண்டே, ஸ்பெயினின் பொன்ஃபெராடினா இரண்டும் ப்ரீசீசன் ஆட்டம் ஆடுவதாகப் பந்தயத் தளங்களில் வந்தது. பணமும் கட்டினார்கள், முடிவும் அறிவித்தார்கள். ஆட்டமே நடக்கவில்லை.

இனி உங்கள் டெலிகிராமுக்கு வருவோம். 'விஐபி குரூப், 100% ஃபிக்ஸட், மூணு மேட்ச் ஃப்ரீயா சொல்றேன், அப்புறம் காசு கொடு' என்பான். மூன்றும் அப்படியே பலிக்கும். மிரண்டு போவீர்கள். எப்படி? 800 பேருக்கு மெசேஜ் அனுப்புகிறான். 400 பேரிடம் 'மூன்று கோலாவது விழும்' என்கிறான், மீதி 400 பேரிடம் 'விழாது' என்கிறான். ஏதோ ஒன்று நடக்கும். தப்பாகப் போன 400 பேரை விட்டுவிட்டு, சரியாகப் போனவர்களை 200, 200 என்று பிரிக்கிறான். அடுத்தது 100, 100. மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் 100 பேர் அவனைத் தீர்க்கதரிசி என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். அந்த 100 பேரில் ஒருவர் நீங்கள். அவனுக்குக் கால்பந்து தெரியவே வேண்டாம். நிஜமாகவே ஃபிக்ஸ் செய்யப்பட்ட ஆட்டம் தெரிந்தவன், அதை ஐந்நூறு ரூபாய்க்குக் கனகசெட்டிக்குளத்துப் பையனிடம் விற்க வருவானா?

சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் எல்லையைத் தாண்டினால் சரக்கு விலை மாறும், பெட்ரோல் விலை மாறும். இது மாறாது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த ஆன்லைன் கேமிங் சட்டம் மத்தியச் சட்டம். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு நடத்துபவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு வருடம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். உங்கள் குரூப்பில் பந்தய லிங்க் போட்டு 'ரெஃபரல்' காசு வாங்கும் அட்மின் தம்பி, இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கவும். ஆடுகிறவர் மேல் தண்டனை இல்லை என்று அரசு சொன்னது உண்மைதான். ஆனால் எங்கோ ஒரு தீவில் பதிவான தளத்தில் போட்ட பணம் போனால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

மூன்றாம் எச்சரிக்கை: 'அவர் வர்றார்' டிக்கெட்

ப்ரீசீசன் சுற்றுப்பயணம் ஆசியாவுக்கு வருவது காசுக்காக. வரும் கிளப்புக்கும் காசு, கூட்டி வரும் ஏற்பாட்டாளருக்கும் காசு. நஷ்டம் என்றால் அது ரசிகன் தலையில்.

2019 ஜூலை 26, சோல். யுவென்டஸ் வந்தது. கிறிஸ்டியானோ ரொனால்டோ 45 நிமிடமாவது ஆடுவார் என்று சொல்லியே டிக்கெட் விற்றார்கள். சுமார் 65,000 பேர் வந்தார்கள். ரொனால்டோ பெஞ்சை விட்டு எழவில்லை. ரசிகர்கள் வழக்குப் போட்டு, 2020இல் நீதிமன்றம் ஏற்பாட்டாளர் இரண்டு ரசிகர்களுக்கு நஷ்ட ஈடு தர வேண்டும் என்றது. 2024 பிப்ரவரி 4, ஹாங்காங். இன்டர் மயாமியின் ப்ரீசீசன் ஆட்டம். மெஸ்ஸி காயம் என்று இறங்கவில்லை. மைதானமே 'பணத்தைத் திருப்பிக் கொடு' என்று கத்தியது. ஏற்பாட்டாளர் பாதிப் பணத்தைத் திருப்ப முன்வந்தார். 2025 ஜூலையில் பார்சிலோனா, ஜப்பான் ஏற்பாட்டாளர் ஒப்பந்தத்தை மீறினார் என்று சொல்லி கோபே ஆட்டத்தை ரத்து செய்தது. ஆட்டத்துக்கு அப்போது சில நாள்தான் இருந்தது. வேறொரு நிறுவனம் தலையிட்டதால்தான் ஆட்டம் நடந்தது.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். மெஸ்ஸியின் அர்ஜென்டினா அணி கேரளத்தில் ஆடும் என்று 2024 நவம்பரில் மாநில விளையாட்டு அமைச்சரே அறிவித்தார். ஒரு வருடம் கொண்டாட்டம். 2025 அக்டோபரில் 'நவம்பர் ஆட்டம் தள்ளிப்போகிறது' என்றார்கள். நவம்பர் 14 அன்று அர்ஜென்டினா ஆடியது ஆப்பிரிக்காவில், அங்கோலாவுக்கு எதிராக. அமைச்சர் வாயால் வந்த செய்திக்கே இந்தக் கதி.

அடுத்த மாதமே கொல்கத்தா. 2025 டிசம்பர் 13, சால்ட் லேக் மைதானம். மெஸ்ஸி ஆடப்போவதில்லை, வந்து முகம் காட்டுவதுதான் நிகழ்ச்சி. அதற்கே ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு டிக்கெட். மெஸ்ஸியைச் சுற்றி அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் மொய்த்துக்கொண்டார்கள். கேலரியில் இருந்தவர்களுக்குத் தலை கூடத் தெரியவில்லை. சுமார் இருபது நிமிடத்தில் அவர் கிளம்பிவிட்டார். நாற்காலி பறந்தது, ஏற்பாட்டாளர் கைதானார், முதலமைச்சர் மன்னிப்புக் கேட்டார்.

இதெல்லாம் நிஜமாகவே நட்சத்திரம் வந்த, அல்லது வருவதாகப் பேசப்பட்ட நிகழ்ச்சிகள். போலி டிக்கெட்காரன் இன்னும் கீழே. 'சென்னையில் ப்ரீசீசன் மேட்ச், ஏர்லி பேர்ட் டிக்கெட், க்யூஆர் ஸ்கேன் பண்ணு' என்று வரும். கிளப்பின் சொந்தத் தளத்தில் அந்த ஆட்டம் அட்டவணையில் இல்லையென்றால் அந்த ஆட்டம் இல்லை. வாங்கும் முன் ரீஃபண்ட் விதியைப் படியுங்கள். 'ஆட்டக்காரர் பங்கேற்பு உறுதியல்ல' என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதை ஒத்துக்கொண்டுதான் காசு கட்டுகிறீர்கள் என்பதாவது தெரிந்திருக்கட்டும்.

இதே குடும்பத்தில் வருவது, கிளப் பெயரில் விற்கும் கிரிப்டோ காசான 'ஃபேன் டோக்கன்'. 2021 ஆகஸ்டில் மெஸ்ஸி பாரிஸ் போகிறார் என்ற பேச்சு கிளம்பியதும் அந்தக் கிளப்பின் டோக்கன் விலை எகிறியது. ஆள் வந்து சேர்ந்தபின் சரிந்தது. வதந்தியில் வாங்கியவன் செய்தியில் விற்றுவிட்டான். செய்தியைப் பார்த்து வாங்கியவன் மாட்டிக்கொண்டான்.

நான்காம் எச்சரிக்கை: 'உங்க பையனுக்கு ட்ரையல் இருக்கு'

அம்மாக்களே, அப்பாக்களே, இந்தப் பகுதி உங்களுக்கு. கட்டுமரத்திலும் விசைப்படகிலும் சம்பாதித்த காசு இது, சுனாமி பார்த்த ஊர் இது. பையன் மணலில் நன்றாகப் பந்து ஆடுகிறான் என்று ஊரே சொல்கிறது. ஒருநாள் கோட் போட்ட படத்தோடு ஒருவர் வாட்ஸ்அப்பில் வருவார். "சார், நான் ஏஜென்ட். ஐரோப்பாவில் ப்ரீசீசன் ட்ரையல். பையனோட வீடியோ பார்த்தாங்க, பிடிச்சுப் போச்சு. விசா, ரெஜிஸ்ட்ரேஷன், மெடிக்கலுக்கு மட்டும் கொஞ்சம் கட்டணும்." லெட்டர்பேடில் கிளப் முத்திரை கூட இருக்கும். வீட்டில் யாருக்காவது பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கிறது என்று தெரிந்தால், 'அப்போ பிரான்ஸ் கிளப் ஈஸி' என்று ஆசையை இன்னும் கூட்டுவார்.

விதி என்ன? ஃபிஃபா சட்டத்தின் 19ஆவது பிரிவு: 18 வயது நிரம்பாதவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்றக்கூடாது. சில விலக்குகள் உண்டு. பெற்றோர் கால்பந்தோடு சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்வது அதில் ஒன்று. இந்தியாவில் ஏற்கெனவே பதிவான பையன் என்றால், பிரெஞ்சு பாஸ்போர்ட் இருப்பது மட்டும் அந்தத் தடையை நீக்கிவிடாது. ஏஜென்ட் என்பவர் ஃபிஃபா நடத்தும் தேர்வில் தேறி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து இது கட்டாயம். உரிமம் பெற்றவர்கள் பெயர் ஃபிஃபா தளத்தில் இருக்கிறது, தேடிப் பார்க்கலாம். சிறுவனை அணுகும் முன் பெற்றோரின் எழுத்துபூர்வச் சம்மதம் அவர் வாங்கியாக வேண்டும். நேராகப் பையனுக்கு மெசேஜ் போட்டு, 'வீட்ல இப்போ சொல்லாதே' என்கிறவன் ஏஜென்டே இல்லை.

காசோடு பையனும் போகும் ஆபத்து உண்டு. 2023 ஜூனில் போர்ச்சுகல் நாட்டின் ரிபா தி ஆவே என்ற ஊரில் ஒரு கால்பந்து அகாதமியை அதிகாரிகள் சோதனை போட்டார்கள். தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று பல இடங்களிலிருந்து கனவோடு வந்த 47 பேரை மீட்டார்கள். அதில் 36 பேர் சிறுவர்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருந்தார்கள்.

கிளப் விரும்பும் ஆட்டக்காரனுக்குக் கிளப்தான் செலவு செய்யும். விருப்பத்தைச் சொல்லிவிட்டு விசாக் காசு கேட்காது. பையனுக்குத் திறமை இருந்தால் பள்ளி அணி, மாவட்ட அணி, உப்பளம் மைதானத்தில் நடக்கும் தேர்வுகள், சந்தோஷ் டிராபி என்று வழி இருக்கிறது. மெதுவான வழிதான், ஆனால் கண்முன்னால் இருக்கும் வழி. அகாதமியில் சேர்ப்பதென்றால் அது அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

'படித்தவர்கள் இதில் விழ மாட்டார்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள். இத்தாலியின் லாட்சியோ கிளப், ஸ்டெஃபான் டி ஃப்ரெய் என்ற ஆட்டக்காரருக்கான கடைசித் தவணை 20 லட்சம் யூரோவை, அவருடைய பழைய கிளப்பான ஃபெயனூர்ட் அனுப்பியது போல வந்த போலி மெயிலை நம்பி வேறு யாருடைய கணக்கிலோ போட்டுவிட்டது என்று 2018இல் செய்தி வந்தது. கணக்காளர்களும் வக்கீல்களும் உள்ள கிளப்புக்கே அந்த நிலைமை.

ஐந்தாம் எச்சரிக்கை: அக்கவுண்ட் வாடகை

இதுதான் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் இதில் நீங்கள் ஏமாந்தவர் அல்ல, குற்றவாளி. பந்தய ஆப்புகளுக்கும் டிக்கெட் மோசடிக்கும் பணத்தை வாங்க ஆயிரக்கணக்கில் பேங்க் அக்கவுண்ட் வேண்டும். காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி பக்கம் கல்லூரிகளும் ஹாஸ்டல்களும் நிறைய. "ப்ரோ, உன் அக்கவுண்ட், ஏ.டி.எம். கார்டு, சிம் மட்டும் கொடு. மாசம் அஞ்சாயிரம்" என்பான். கூடப் படிக்கிறவனாகவோ, ராத்திரி மேட்ச் பார்க்கும் கூட்டாளியாகவோ கூட இருப்பான். 2025 அக்டோபரில் புதுச்சேரி சைபர் கிரைம் போலீஸ், மாணவர்களின் வங்கிக் கணக்குகள் வழியாகப் பல கோடி ரூபாய் மோசடிப் பணம் ஓடிய வழக்கில் பொறியியல் மாணவர்கள் உட்படச் சிலரைக் கைது செய்தது. கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் வழக்கும் உங்கள் பெயரில்தான். கனகசெட்டிக்குளத்திலிருந்து காலாப்பட்டு மத்திய சிறை ரொம்ப தூரம் இல்லை.

இப்போதே செய்ய வேண்டியவை

உங்கள் போனில் ப்ளே ஸ்டோருக்கு வெளியே இறக்கிய கால்பந்து ஆப் இருந்தால் இன்றே நீக்குங்கள்.

டெலிகிராம் 'டிப்ஸ்' குரூப், வாட்ஸ்அப் 'விஐபி' குரூப் எல்லாவற்றிலிருந்தும் வெளியே வாருங்கள். அட்மினாக இருந்தால் பந்தய லிங்க்குகளை அழியுங்கள்.

ட்ரான்ஸ்ஃபர் செய்தியைக் கிளப்பின் சொந்தத் தளத்தில் பார்க்கும்வரை மற்றவருக்கு 'உறுதி' என்று அனுப்பாதீர்கள்.

யார் க்யூஆர் கோடு அனுப்பினாலும், பணம் வாங்க க்யூஆர் ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையில்லை என்பதை நினைவில் வையுங்கள். பின் நம்பர் போட்டால் பணம் போகும், வராது.

பையனுக்கு ட்ரையல் என்று யாராவது வந்தால், ஏஜென்ட் பெயரை ஃபிஃபா தளத்தில் தேடுங்கள். அந்தக் கிளப்பின் தளத்தில் உள்ள முகவரிக்கு நீங்களாக ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். அவர் கொடுத்த நம்பருக்குப் போன் செய்து உறுதிப்படுத்தினால் பேசப்போவது அவருடைய ஆள்தான்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தேசிய சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதியலாம். பணம் அவன் கணக்கிலிருந்து வெளியேறும் முன் முடக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. ஸ்க்ரீன்ஷாட், யு.டி.ஆர். எனும் பரிவர்த்தனை நம்பர், அவனுடைய போன் எண் எதையும் அழிக்காதீர்கள்.

வீட்டில் பெரியவர்கள் ஒன்று செய்யுங்கள். ஏமாந்த பையனைத் திட்டித் தீர்க்காதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைப்பவன்தான் போன ஐயாயிரத்தை மீட்க இன்னொரு இருபதாயிரம் கட்டுகிறான்.

மற்றபடி பேசுங்கள் தம்பிகளா, ராத்திரி முழுக்கப் பேசுங்கள். யார் எங்கே போகிறார், யாருக்கு எத்தனை கோடி, எந்தப் பயிற்சியாளர் தேறுவார் என்று சண்டை கூடப் போடுங்கள். அந்தப் பேச்சுக்குக் காசு கிடையாது. காசு கேட்கும் பேச்சு வந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள்.